பினாங்கிலிருந்து வந்த ரோல்ஸ் ரேஸர்: இதில் யாராவது சவரம் செய்திருக்கிறீர்களா?

வளவுவாசி (காரைக்குடி) · ஞாயிறு காலை 10:12

வணக்கம். பல வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது முகத்தில் மூன்று இடத்தில் படிகாரம் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதனால் வந்தேன்.

போன மாதம் பள்ளத்தூர் வீட்டில் பங்காளிகள் கூடிச் சாமான் அறையை ஒழித்தோம். வெள்ளி, பித்தளை எல்லாம் போக வேண்டியவர்களுக்குப் போய்விட்டது, எனாமல் தூக்குகளை அத்தை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தகரப் பெட்டியின் அடியில் கிடந்த சின்ன டப்பா மட்டும் யாருக்கும் வேண்டாமல் என் கைக்கு வந்தது. பார்த்தால் சிகரெட் டப்பா, தூக்கினால் அந்தக் கனம் சிகரெட் டப்பாவுக்குக் கிடையாது. அப்பச்சியிடம், அதாவது அப்பாவிடம், காட்டினேன். "ஐயா பினாங்கில் வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தபோது வாங்கியது. விடிகாலையில் முகப்பில் டக்கு டக்கென்று சத்தம் கேட்கும், அதில்தான் நாங்கள் எழுந்திருப்போம்" என்றார்.

மேலும் கீழும் இரண்டு மூடி. ஒன்றில் கல் பதித்திருக்கிறது, மற்றதில் சிவப்புத் தோல். நடுவில் ஒரே ஒரு பிளேடு, பிளேடு என்று சொல்வதே தப்பு, சவரக் கத்தியில் இரண்டு விரல் நீளம் வெட்டி எடுத்த மாதிரி முதுகு தடித்து முனை மெலிந்த இரும்பு. ஒரு மூடியைக் கழற்றி, மடங்கிக் கிடக்கும் பிடியை நிமிர்த்தி முன்னும் பின்னும் தள்ளினால் கத்தி அடுத்த மூடியில் உரசிக்கொண்டே ஓடுகிறது, ஒவ்வொரு கோடியிலும் தானாகவே புரண்டு படுத்துக்கொள்கிறது. அந்தப் புரளுகிற சத்தம்தான் டக்கு. உள்ளே சீப்பு மாதிரிக் காவல் தகடு வைத்த ஒரு கைப்பிடியும் இருக்கிறது, சவரம் செய்யும்போது கத்தியைக் கழற்றி அதில் மாட்ட வேண்டும். மூடியில் 'இம்பீரியல் நம்பர் 2' என்று பொறித்திருக்கிறது.

இன்று காலை முயற்சி செய்தேன். கன்னத்தில் முதல் இழுப்பிலேயே முடியை வெட்டவில்லை, பிடித்து இழுத்தது. தாடைக்கு வந்தபோது கண்ணில் தண்ணீர். கழுத்தைப் பற்றி எழுதவில்லை. பாதியில் விட்டுவிட்டு வழக்கமான சேஃப்டி ரேஸரை எடுத்துத்தான் முடித்தேன்.

இது இப்படித்தானா, இல்லை என் கைதான் சரியில்லையா?

நுரைமன்னன் (தேவகோட்டை) · ஞாயிறு காலை 10:50

அடடா, நல்ல பொருள் கிடைத்திருக்கிறது. முதலில் ஒன்று, அந்தக் கல் இருக்கிற பக்கத்தைத் தொடாதீர்கள். தொட்டிருந்தால் எத்தனை தடவை என்று சொல்லுங்கள்.

இது லண்டன் கிரிக்கிள்வுட்டில் செய்தது. 1920களின் கடைசியிலிருந்து 50கள் வரை வந்தது, பிரிட்டிஷ் கொடி பறந்த ஊரெல்லாம் போனது, அதனால் பினாங்கில் வாங்கியிருந்தால் ஆச்சரியமே இல்லை. ஜில்லெட் தூக்கிப் போடுகிற மெல்லிய பிளேடை 1903இல் விற்க ஆரம்பித்து, முதல் வருடம் 51 ரேஸரும் 168 பிளேடும்தான் போனது. அப்புறம் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ரோல்ஸ்காரர்கள் எதிர்ப்பக்கம் நடந்தவர்கள். பிளேடே வாங்காதே, ஒரே கத்தியை டப்பாவுக்குள்ளேயே தீட்டிக்கொள் என்பதுதான் அவர்கள் வியாபாரம். உண்மையில் இது ஜில்லெட்டை விடப் பழைய வம்சம், 1880இல் அமெரிக்காவில் காம்ஃபே சகோதரர்கள் பேட்டன்ட் வாங்கிய ரேஸரும் இப்படித்தான் ஆப்பு மாதிரிக் கத்தி வைத்தது.

இன்னொரு கூத்து. 50களின் கடைசியில் ஜான் புளூம் என்பவர் கைக்கு அந்தக் கம்பெனி வந்து, ரேஸர் பெயரை வைத்துக்கொண்டே வாஷிங் மெஷின் விற்றார்கள். 1964இல் திவால்.

பழஞ்சாமான் (காரைக்குடி) · ஞாயிறு காலை 11:05

விற்பதாக இருந்தால் சொல்லுங்கள் அண்ணே. முனீஸ்வரன் கோயில் தெருவில் போன வருடம் ஒன்று பார்த்தேன், கடைக்காரர் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி கார் வாங்கியவர்களுக்கு இனாமாகக் கொடுத்தது என்று சத்தியம் செய்தார், அந்த ஒரு வார்த்தைக்கே விலை மூன்று மடங்கு.

நுரைமன்னன் · ஞாயிறு காலை 11:09

ராய்ஸுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தக் கதையை நானும் நாலு கடையில் கேட்டாகிவிட்டது.

வளவுவாசி · ஞாயிறு மதியம் 12:30

கல்லில் ஒரு நாற்பது தடவை ஓட்டினேன். துரு மாதிரி இருந்ததால் கூர் ஏறட்டும் என்று. அப்புறம் தோலில் பத்துத் தடவை. தோல் ரொம்பக் காய்ந்திருக்கிறது, விரல் நகத்தால் தட்டினால் அட்டை மாதிரி சத்தம் வருகிறது.

விற்கிற எண்ணம் இல்லை.

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நான் குளிக்கப் போன நேரத்தில் ஆத்தா டப்பாவை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். ஒரு மூலையில் மஞ்சளாகத் தெரிகிறது.

முலாம்பூச்சு (காரைக்குடி) · ஞாயிறு மதியம் 1:15

ஐயோ, புளியா. நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகத்தை ஊருக்குள் வைத்துக்கொண்டு புளி போட்டா தேய்ப்பது! என் அப்பா அந்த ஆய்வகத்தில், சிக்ரியில், வேலை பார்த்தவர், நான் அந்தக் குடியிருப்பில் வளர்ந்தவன், இதைப் பார்த்துச் சும்மா போக முடியவில்லை.

ஆத்தா மேல் தப்பில்லை. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி, ஏனென்றால் அது முழுக்கப் பித்தளை, மேல் தோல் போனாலும் அடியிலும் அதேதான். உங்கள் டப்பாவில் மேலே மெல்லிசாக முலாம். எண்பது வருடத்தில் அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுந்திருக்கும், புளிப்பு அது வழியாக இறங்கி அடியில் இருப்பதைத் தின்னும், மேலே இருப்பது பொருக்காக எழும்பும். மஞ்சளாகத் தெரிவது அடிப் பித்தளையாக இருக்கலாம், நிக்கல் மங்கினாலும் லேசாக மஞ்சள் ஓடும். வெள்ளி முலாம் என்றால் கருக்கும், அதற்கு விபூதி வைத்து மெதுவாகத் துடைத்தால் போதும். ரோல்ஸில் இரண்டு முலாமும் உண்டு. பளபளப்பு திரும்ப வேண்டும் என்று யார் சொன்னாலும் பாலிஷ் போடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி, உடனே காய்ந்த துணி, அதோடு விடுங்கள்.

பெட்டகச்சாவி (கண்டனூர்) · ஞாயிறு மதியம் 2:40

இந்த இழையை எனக்கு அனுப்பியது என் தம்பி. படிக்கப் படிக்கச் சிரிப்பு. எங்கள் வீட்டில் இதே டப்பா இருக்கிறது, நாங்கள் முப்பது வருடமாக அதை ஊசி டப்பா என்றுதான் சொல்கிறோம். அந்தச் சிவப்புத் தோலில் ஊசி குத்தி வைக்க அவ்வளவு வசதி. எதற்குக் கல் ஒட்டியிருக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

பழஞ்சாமான் · ஞாயிறு மதியம் 2:43

ஆச்சி, கத்தி உள்ளே இருக்கிறதா? விலை பேசலாம்.

பெட்டகச்சாவி · ஞாயிறு மதியம் 2:58

கத்தி தனியாக எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது, பிள்ளைகள் கை வைத்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே எடுத்து வைத்தது. விலை எல்லாம் பேச வேண்டாம் தம்பி.

சலூன்கடை (தேவகோட்டை) · ஞாயிறு இரவு 9:20

இப்போதுதான் கடை சாத்தினேன். ஞாயிறு என்றால் சாப்பிடக் கூட நேரம் கிடையாது.

வளவுவாசி அண்ணே, உங்கள் கை சரியாகத்தான் இருக்கும், கத்தியில்தான் பிசிறு. எங்கள் அப்பா காலத்தில் முழுக் கத்திதான், நாற்காலிக் கையில் தோல் வார் தொங்கும். அவர் கல்லில் கத்தி வைத்து நான் பார்த்தது எப்போதாவது ஒரு நாள், வாரில் மட்டும் ஆளுக்கு ஆள் தீட்டுவார். கல் இரும்பைத் தின்று கூராக்கும், ஆனால் முனையில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு விட்டுவிடும், அது முடியில் மாட்டி இழுக்கும். தோல்தான் அந்தப் பிசிறை எடுத்து முனையை நேராக்குகிறது. நீங்கள் நாற்பது தடவை பிசிறு ஏற்றிவிட்டு, பத்துத் தடவை காய்ந்த அட்டையில் தேய்த்திருக்கிறீர்கள். வலிக்காமல் என்ன செய்யும்.

ஒரு சோதனை சொல்கிறேன். கத்தியின் கூர்ப்பக்கத்தை நேராக உங்கள் கண்ணைப் பார்க்கிற மாதிரிப் பிடித்து வெயிலில் லேசாக ஆட்டிப் பாருங்கள். மழுங்கின இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூராக இருக்கிற இடத்தில் ஒன்றுமே தெரியாது, அங்கே கத்தி முடிந்து காற்று ஆரம்பிக்கும், அவ்வளவுதான். புள்ளி புள்ளியாக மின்னினால் பல் விழுந்திருக்கிறது, அதற்கு மட்டும்தான் கல்.

தொண்ணூறுகளில் எய்ட்ஸ் பயம் வந்த பிறகு நாங்கள் எல்லாம் பாதி பிளேடுக்கு மாறினோம், ஒரு ஆளுக்கு ஒன்று, வெட்டினதும் குப்பையில். அது சரியான காரியம். ஆனால் தீட்டுகிற வேலை எங்கள் கையை விட்டுப் போய்விட்டது, என் மகனுக்கு வார் என்றால் பெல்ட் மட்டும்தான்.

கணக்குப்பிள்ளை (புதுவயல்) · திங்கள் காலை 7:30

ஒரு டீ காசுக்கு அஞ்சு பிளேடு கிடைக்கிற காலத்தில் எதற்கு இந்த வேலை என்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. தீட்ட ஐந்து நிமிஷம், கழற்ற, மாட்ட, துடைக்க, எண்ணெய் போட இன்னொரு ஐந்து நிமிஷம். நம் தாத்தாக்களுக்கு வேறு வழி இல்லை, செய்தார்கள். வழி கிடைத்ததும் அவர்களே விட்டுவிட்டார்கள்.

நுரைமன்னன் · திங்கள் காலை 8:02

கடைசி வரி தப்பு. அவர்களுக்கு வேறு வழி இருந்தது. ஜில்லெட் பிளேடு அப்போதும் கிடைத்தது. பிளேடு வாங்குகிற காசு மிச்சம் என்று கணக்குப் போட்டுத்தான் இதை வாங்கியிருப்பார்கள், வட்டிக்கடை அடுத்தாள் வேறு எப்படி யோசிப்பார்? உங்களுக்குத்தான் அந்தக் கணக்கு முதலில் பிடித்திருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை · திங்கள் காலை 8:10

சரி, அதில் மாட்டிக்கொண்டேன். ஆனால் நேரத்துக்கும் வட்டி உண்டு.

வளவுவாசி · திங்கள் இரவு 8:45

எல்லோருக்கும் நன்றி. வெயிலில் பார்த்தேன், சலூன்கடை சொன்னது அப்படியே. நடுவில் ஒன்றும் தெரியவில்லை, இடது கோடியில் மட்டும் அரிசி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. பல் எதுவும் விழவில்லை.

தோலுக்கு என்ன போடுவது? வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது.

முலாம்பூச்சு · திங்கள் இரவு 9:00

தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழியில் பாட்டிலிலேயே உறைகிற சரக்கு அது, நாளானால் சிக்கு வாடையும் வரும், அதை மூக்குக்கு ஒரு அங்குலம் கீழே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள். ஈரத்துணியால் தோலைத் துடைத்து நிழலில் காயவைத்து, விளக்கெண்ணெய் இரண்டே சொட்டு. விரல் சூட்டில் தேயுங்கள். ஒரு நாள் விட்டு மறுபடி ஒரு சொட்டு. எண்ணெய் மினுக்கும்படி போட்டால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும், ஒன்றும் தீட்டாது.

சலூன்கடை · திங்கள் இரவு 9:40

அதோடு உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருங்கள், சும்மா டிவி பார்க்கும்போது தேய்த்தால் போதும். அப்பா அப்படித்தான் செய்வார்.

வளவுவாசி · இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு காலை 11:20

சொன்னபடி எல்லாம் செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோல் மூன்றாவது நாளே நிறம் மாறியது, வெளிறிய செங்கல் நிறம் போய்க் குங்குமப்பூ ஊறின மாதிரி ஆழமாக வந்தது. நகத்தால் தட்டினால் இப்போது சத்தம் வரவில்லை. போன ஞாயிறு தோலில் மட்டும் அறுபது தடவை ஓட்டினேன். முதல் இருபதில் ஒரு கரகரப்பு இருந்தது, அப்புறம் அது அடங்கி, காகிதத்தில் காகிதம் உரசுகிற மாதிரி ஒரு சன்னமான ஓசை. அந்த மாற்றம் காதுக்குத் தெரிகிறது, இதை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அப்போதும் கழுத்தில் எரிந்தது. என்ன தப்பு என்று பார்த்தால் சாய்வு. சாதா சேஃப்டி ரேஸரில் தலை கன்னத்தில் படுகிறபடி வைத்துக் கைப்பிடியை இறக்கிக்கொண்டே வருவோம், பிளேடு முப்பது டிகிரிக்குப் பக்கத்தில் தானாக உட்கார்ந்துவிடும். இதில் அந்தப் பழக்கத்தோடு போனால் கத்தி நிமிர்ந்து சுரண்டுகிறது. முதுகு தடித்த கத்தி இல்லையா, அதைக் கன்னத்தில் நன்றாகப் படுக்கப்போட வேண்டும். அழுத்தவே கூடாது, தலைக் கனமே போதும். காவல் தகடு ஆழமாக வெட்டுப்படாமல்தான் காப்பாற்றும், சுரண்டலில் இருந்து காப்பாற்றாது.

இன்று மூன்றாவது தடவை. வெந்நீர்த் துண்டு, கிண்ணத்தில் சோப்பு, பிரஷால் மூன்று நிமிஷம் குழைத்தேன் (சம்பை ஊற்றுத் தண்ணீருக்கு நுரை கேட்கவே வேண்டாம், ராமநாதபுரத்தில் இருந்தபோது இதே சோப்பு தயிர் திரிந்த மாதிரி நிற்கும்). முடி போகிற திசையில் மட்டும், ஒரு விரல் அகல இழுப்பாக. இடது கன்னம் முடிந்ததும் கை வைத்துப் பார்த்தேன், நம்பவில்லை, மறுபடி வைத்துப் பார்த்தேன். பிளேடு சவரத்தில் முடி வெட்டுப்படுகிற சத்தம் கீச்சென்று இருக்கும், இதில் மொறுமொறுவென்று அடங்கிக் கேட்கிறது. வலது தாடைக்குக் கீழே ஒரு சுழி இருக்கிறது, அங்கே மட்டும் தோற்றேன், சாதா ரேஸர்தான் முடித்துக் கொடுத்தது. ரத்தம் கட்டை விரலில் மட்டும், அதுவும் கத்தியைக் கழற்றும்போது புத்தியில்லாமல் கூர்ப்பக்கம் பிடித்ததில்.

நேரம் இருபத்திரண்டு நிமிஷம். கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னது சரி, வேலை நாளில் இது ஆகாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வேன். பிளேடு சவரத்தை விட மேலா என்றால் இல்லை, கிட்டத்தட்ட சமம். மேல் என்று சொல்கிறவர்கள் வாங்கின விலைக்காகச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நான் தீட்டிக்கொண்டிருந்தபோது அப்பச்சி உள்ளிருந்து எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. முகப்பில் ஐயா உட்காருகிற இடத்தைக் காட்டி, "அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்கப் போய்விட்டார்.

சலூன்கடை · ஞாயிறு இரவு 9:35

சுழிக்கு ஒரு வழி. தலையை எதிர்ப்பக்கம் திருப்பி, இடது கை விரலால் தோலை மேலே காதுப் பக்கம் இழுத்துப் பிடித்து, குறுக்கே போங்கள், நேராகப் போகாதீர்கள். அதுவும் இரண்டாவது நுரைக்கு அப்புறம். முடிந்ததும் கத்தியை ஈரத்தோடு டப்பாவுக்குள் போட்டுவிடாதீர்கள், பழைய இரும்பு, ஒரே ராத்திரியில் துரு பூக்கும்.

கணக்குப்பிள்ளை · ஞாயிறு இரவு 9:50

ஞாயிற்றுக்கிழமைக்கு வட்டி கிடையாது, போங்கள்.

நுரைமன்னன் · ஞாயிறு இரவு 10:05

நியாயமான தீர்ப்பு. என்னிடம் இருப்பது ரோல்ஸிலேயே விஸ்கவுண்ட் என்ற இன்னொரு மாடல், அதன் கல் உடைந்துவிட்டது, நான்கு வருடமாகத் தோலை மட்டும் வைத்தே ஓட்டுகிறேன். இப்போதும் வெட்டுகிறது.

கண்டனூர் ஆச்சி என்ன ஆனார்கள்? ஊசி டப்பா இன்னும் ஊசி டப்பாதானா?

பெட்டகச்சாவி · செவ்வாய் காலை 6:50

அதை ஏன் கேட்கிறீர்கள். இவர் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டார். ஊசி குத்தின தோலில் கத்தி ஓட்ட முடியாது என்று தேவகோட்டையில் யாரிடமோ சொல்லிப் புதுத் தோல் வாங்கி வந்து, பழையதை உரித்து, அதே அளவுக்கு வெட்டி ஒட்டி, இரண்டு நாள் அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்திருந்தார். இன்றைக்கு விடியுமுன் டக்கு டக்கு ஆரம்பித்தாயிற்று. முகம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு கீறல் கூட இல்லை.

ஊசிகளை எல்லாம் எங்கே வைத்தேன் என்று மட்டும் அவருக்கு ஞாபகம் இல்லையாம். ஆத்தங்குடித் தரையில் வெறுங்காலோடு நடக்கவே பயமாக இருக்கிறது.